ஒத்திகைக்குக் கொஞ்சம் வெள்ளைப் புகை

ஜூன் 3, திங்கள்

தாணுலிங்கம் சார் காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் இறால் கம்பெனியின் ஜி.எம். அவர் அறையிலிருந்து ஆள் வந்தாலே பாதிப் பேர் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். நானும்தான்.

பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஐஸ் பேக்டரியில் அமோனியா கசிந்து நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் அல்லவா, அதன் பின்விளைவு. அமோனியாவில் குளிரூட்டும் எல்லாத் தொழிற்சாலைகளும் அவசரகாலத் திட்டத்தைப் புதுப்பித்து, அதிகாரிகள் முன்னால் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. இந்த வட்டாரத்துக்கு முதல் ஒத்திகை எங்களுடையது. இருபதாம் தேதி. சப் கலெக்டரே வருகிறார்.

"எமிமா, எல்லாம் ஒங்க கையிலதான் இருக்கு. நல்லபடியா முடிஞ்சுட்டுன்னா ஒங்க பெர்மனென்ட் ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்துப் போட்டுருதேன்," என்றார்.

பாதுகாப்பு அலுவலராக வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் தற்காலிகம்தான். வீட்டில் சொன்னதும் என் கணவன் செல்வின் கட்டிலில் படுத்தபடியே கை தட்டினான். முதுகில் டிஸ்க் விலகித் துறைமுக வேலையை விட்ட பிறகு அவனுக்கு எல்லாமே படுத்தபடிதான். இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமா. அதிலும் உப்பு இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

கம்ப்ரசர் அறைக்குப் போனேன். திட்டத்தைப் புதுப்பிப்பது என்றால் அங்கேயிருந்துதானே தொடங்க வேண்டும். வாசலிலேயே மூக்கில் ஏறியது.

ஆபரேட்டர் ஐயம்பெருமாள் அண்ணன் தொட்டிக்கு அடியிலிருந்த வால்வைக் காட்டினார். கம்ப்ரசர் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாத் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். குழாயைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டு இந்த வால்வு வழியாகத்தான் அதை வடிப்பார்கள். வால்வு தேய்ந்துவிட்டது. மூடினாலும் முழுதாக மூடுவதில்லை.

"ரெஞ்சு போட்டு இறுக்குனாத்தான் மேடம் அடங்குது. மாத்திருங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் கெடக்கேன்."

"மாத்த நேரமாகுமாண்ணே?"

"மாத்துறது ஒண்ணுமில்ல. தொட்டியக் காலி பண்ணணும்லா. ஒரு நாள் பூரா ஃப்ரீஸர் நிக்கும்."

சீசன் நேரத்தில் ஒரு நாள் ஃப்ரீஸரை நிறுத்தச் சொல்வதும் தாணுலிங்கம் சாரிடம் கிட்னியைக் கேட்பதும் ஒன்றுதான். இருந்தாலும் கேட்கத்தான் போகிறேன்.

ஜூன் 5, புதன்

கேட்டேன். "டிரில் முடியட்டும், கன்டெய்னர் கெளம்பட்டும், ஜூலையில நிறுத்திக்கிடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மாதக்கணக்கில் இப்படியேதான் இருக்கிறது, இன்னும் இரண்டு வாரத்தில் என்ன வந்துவிடும். அதற்கு மேலே மெயின் வால்வு வேறு இருக்கிறது. திட்டத்தில் "வால்வு மாற்றம் நடவடிக்கையில் உள்ளது" என்று எழுதிவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இரவல்.

ஜூன் 8, சனி

இன்று ஆள் தேர்வு. ஒத்திகை என்றால் சிலர் வாயு பட்டு மயங்கி விழ வேண்டும், மற்றவர்கள் வரிசையாக வெளியேற வேண்டும், தீயணைப்புக்காரர்கள் வந்து விழுந்தவர்களைத் தூக்க வேண்டும். ஐந்து பேர் விழுந்தால் போதும் என்று கணக்கு.

இறால் உரிக்கிற பகுதிக்குப் போய்க் கேட்டால் மொத்தப் பேரும் விழத் தயார். ஐஸ் தண்ணீரில் கை விறைத்து நிற்பதற்குப் பதில் வெயிலில் படுத்துக் கிடக்கலாம், ஸ்ட்ரெச்சரில் போகலாம், ஆம்புலன்ஸில் ஏ.சி. உண்டு, கடைசியில் ஜூஸ் உண்டு. யாருக்குத்தான் ஆசை வராது.

"விழுறதுக்கெல்லாம் ஒரு இது வேணும்ட்டி," என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு பிரம்மசக்தி அக்கா முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசர்களே சுற்றிக்கொண்டு போவார்கள். நின்ற இடத்தில் தொண்டையைப் பிடித்தாள், இருமினாள், கண்ணைச் செருகினாள், மேசையோரமாகச் சரிந்து விழுந்தாள். எனக்கே ஒரு நொடி பகீர் என்றது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பத்துமா மேடம், இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டாள்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள்தான் முதல் ஆள்.

ஜூன் 12, புதன்

இரண்டாவது பயிற்சி. முதல் பயிற்சி ஒரே கூத்து. சைரன் ஊதியதும் பாதிப் பேர் டீக்கு என்று நினைத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போய்விட்டார்கள். விழுந்தவர்களில் இரண்டு பேர் மணல் சுடுகிறது என்று நிழல் பார்த்து மாறி விழுந்தார்கள்.

இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் வருகிறவரை அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது. வரிசையில் போகிறவர்கள் ஓடக்கூடாது. எல்லோரும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வசனமும் கொடுத்தேன். "நெசமாவே கேஸ் வருது, வெளிய போங்க!" என்று கத்த வேண்டும். இது என் யோசனைதான். கேட்கும்போது மயிர் கூச்செறிகிறது.

வீட்டில் சொன்னால் செல்வின், "நீ டிரில் நடத்துதியா, சினிமா எடுக்கியா?" என்கிறான். வேலை இல்லாதவனுக்கு வாய் அதிகம். இதை அவனிடம் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

புகைக் குப்பி வாங்கி வைத்திருந்தேன், கொளுத்தினால் வெள்ளையாகப் புகை வருமே, அது. தரக்கட்டுப்பாட்டிலிருந்து வந்து தடை போட்டுவிட்டார்கள். உணவு தயாராகிற இடத்தில் இரசாயனப் புகை விட்டால் வெளிநாட்டு ஆடிட்டர் தொலைத்துவிடுவாராம். அதுவும் சரிதான்.

ஆனால் புகையே இல்லாமல் எப்படி? பெண்கள் வெட்டவெளியில் தாமாகவே விழுந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். தாணுலிங்கம் சார் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். "என்னத்துக்கு வெளிய தேடணும்? நம்மகிட்டயே இருக்கே. அமோனியா வெளிய வந்தா வெள்ளையாத்தான வரும்? கொஞ்சூண்டு விட்டா எப்படி?" என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, சனி

ஒத்திகையின்போது எண்ணெய் வடிக்கும் வால்வைக் கால் சுற்று மட்டும் திறப்பது என்று முடிவு செய்யப்பட்டது. நான் பச்சைக் கொடி காட்டியதும் மூடிவிட வேண்டும்.

ஐயம்பெருமாள் அண்ணனுக்கு இதில் இஷ்டமில்லை. "வேற ஏதும் வழி பாக்கலாமே மேடம். அது சொன்ன பேச்சு கேக்குற வால்வு இல்ல," என்றார்.

"கால் சுத்துதானண்ணே. மாஸ்க் போட்டுக்கிட்டு பக்கத்துலயே நிக்கப்போறீங்க."

"நீங்க சொன்னாச் சரி," என்றார்.

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 17, திங்கள்

காற்றுத் திசை பார்த்துப் பந்தல் போட்டாயிற்று. ஆனி மாதம் மேற்கேயிருந்து மேல்காற்றுதான், பகல் முழுக்க மாறாது. அதனால் பந்தல் மேற்கே. சப் கலெக்டருக்கோ மற்ற விருந்தினர்களுக்கோ நெடி துளியும் போகாது. விழுகிறவர்கள் கம்ப்ரசர் அறைக்குக் கிழக்கே. புகை அவர்கள் மேல் தவழ்ந்து போனால்தான் படத்தில் நன்றாக விழும் என்று போட்டோக்காரரும் சொன்னார். கொஞ்சம் தள்ளித்தான் படுக்கச் சொல்லியிருக்கிறேன். பிரம்மசக்தி அக்கா மட்டும் முன்னால். நன்றாக நடிப்பவள் முன்னால் இருந்தால்தானே தெரியும்.

லேசாக நெடி அடிக்கும், பயப்பட வேண்டாம் என்று ஐந்து பேரிடமும் சொன்னேன். "எறா நாத்தத்துக்கு இது தேவல," என்றாள் அக்கா.

கிளம்பும்போது பஸ்ஸில் ஏறியவள் இறங்கி வந்து, "ஒங்களுக்கு ஆர்டர் வருமாமே மேடம், பேசிக்கிட்டாங்க. எங்க செட்டு கலக்கிருவோம், நீங்க கவலப்படாம இருங்க," என்றாள். கம்பெனியில் ஒரு விஷயமும் இரகசியமாக இருக்காது.

ஜூன் 19, புதன்

நாளைக்கு நீலக் காட்டன் சேலை. மேலே பாதுகாப்புச் சட்டை போட்டால் கசங்கிவிடும், பரவாயில்லை. தூக்கம் வரவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

இன்று எழுத முடியாது.

ஜூன் 21, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சப் கலெக்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பொன்னாடை, இளநீர், வரவேற்புரை. மைக்கில் நான் திட்டத்தை விளக்கினேன். சைரன் ஊதியது. சூப்பர்வைசர்கள், "நெசமாவே கேஸ் வருது!" என்று கத்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள், ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயம்பெருமாள் அண்ணன் வால்வைத் திறந்தார். கம்ப்ரசர் அறைக் கதவிலிருந்து வெள்ளையாகப் புகை வந்து தரையோடு தவழ்ந்தது. ஐந்து பேரும் விழுந்தார்கள். பந்தலில் எல்லோரும் எழுந்து நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்.

பச்சைக் கொடி காட்டினேன். புகை குறையவில்லை. மறுபடியும் காட்டினேன். புகை கதவு உயரத்துக்கு எழும்பி வந்தது. உள்ளேயிருந்து ஐயம்பெருமாள் அண்ணன் மாஸ்க்கோடு தடுமாறி வந்து இரண்டு கையையும் ஆட்டினார். நான் பக்கத்தில் போனதும் மாஸ்க்கை விலக்கி, "தண்டு சும்மா சுத்துது மேடம்! மூட மாட்டேங்கு! மெயின் வால்வு கிட்டயும் போக முடியல!" என்றார். அதற்குள் அவர் கண் இரத்தமாகச் சிவந்திருந்தது.

நான் கத்தினேன். "நெசமாவே கேஸ் வருது! எந்திரிங்க! ஓடுங்க!"

சூப்பர்வைசர்களும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியது யாருக்கும் வித்தியாசமாகவே கேட்கவில்லை. பந்தலில் யாரோ, "மேடம் பிரமாதமா பண்ணுதாங்க," என்றார். தீயணைப்பு அதிகாரியிடம் ஓடிப்போய் உள்ளே போங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எங்க என்ட்ரிக்கு இன்னும் டைம் இருக்கும்மா," என்று சிரித்தார். நான்தான் அவருக்கு அந்த நேரத்தை எழுதிக் கொடுத்திருந்தேன்.

கிழக்கே பார்த்தேன். ஐந்தில் நான்கு பேர் எழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பந்தலில் சிரிப்பு. பிரம்மசக்தி அக்கா எழுந்திருக்கவில்லை. புகைக்குள் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுவது தெரிந்தது. அதற்குக் கை தட்டினார்கள்.

என்ன சொல்லி நம்பவைப்பது? சொல்வதற்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் பயிற்சியில் நானே சொல்லித் தீர்த்திருந்தேன். செக்யூரிட்டி அறைக்கு ஓடிச் சைரனை நிறுத்தினேன்.

சட்டென்று அமைதி. திட்டத்தில் இல்லாத அமைதி. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மைக்கை எடுத்தேன். கத்த வரவில்லை. "ஒத்திகை இல்ல. வால்வு ஒடஞ்சு போச்சு. அந்த அக்கா செத்துருவா. தயவுசெஞ்சு போங்க," என்றேன். அழுதுவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிய இரண்டு பேர் புகைக்குள் ஓடினார்கள். இன்னும் இரண்டு பேர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே உள்ளே போய் மெயின் வால்வை மூடினார்கள். மேற்கிலிருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிரம்மசக்தி அக்காவை ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நல்லவேளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 22, சனி

ஐ.சி.யு. வாசலில் அக்காவின் புருஷனைப் பார்த்தேன். உப்பள வேலைக்காரர். "நடிக்கத்தான போறேன்னு சொல்லிட்டு வந்தா," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 23, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. தாணுலிங்கம் சார் வீட்டுக்கே வந்துவிட்டார், ஆப்பிள் பையோடு. செல்வினிடம் முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு கவரை நீட்டினார். பெர்மனென்ட் ஆர்டர். இருபதாம் தேதியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"பாத்துக்கிடுங்க எமிமா, எவ்வளவு பெரிய ஆபத்துலருந்து தப்பிச்சிருக்கோம். சப் கலெக்டரே பாராட்டிட்டுப் போயிருக்காரு. விபத்துன்னு எழுதுனா கம்பெனிய மூடி சீல் வச்சிருவாங்க. அத்தன பொம்பளையளுக்கும் வேல போயிரும். ஒத்திகையில ஒருத்தருக்கு மூச்சுத் திணறல், அம்புட்டுதான். ஆஸ்பத்திரி செலவு பூரா நம்மது," என்றார்.

அவர் போன பிறகும் செல்வின் கவரைத் தொடவில்லை. "பாட்டிலத் தெறந்து பூதத்த விடச் சொன்னது யாரு?" என்று கேட்டான். ஜி.எம். என்றேன். "ஆமா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆப்பிள் நன்றாக இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

வெண்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, நுரையீரலும் தொண்டையும்தான் வெந்திருக்கிறது. பழைய குரல் வராது என்கிறார் டாக்டர்.

தொழிற்சாலை ஆய்வாளர் நாளை மறுநாள் விசாரணைக்கு வருகிறார். நம் தரப்பு அறிக்கையை எழுதத் தொடங்கினேன். "கருவிக் கோளாறால் எதிர்பாராத அளவு வாயு வெளியேறியது. பாதிக்கப்பட்டவர் அதை ஒத்திகையின் பகுதி என்றே கருதியதால் எழுந்து வெளியேறவில்லை." இதில் பொய் எதுவும் இல்லை. நான்கு தடவை படித்துப் பார்த்தேன்.

ஐயம்பெருமாள் அண்ணனைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வால்வை அளவுக்கு மீறித் திறந்தாராம். போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

ஆய்வாளர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. என் அறிக்கையை வார்டிலேயே நின்று படித்தார். பிறகு கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவிடம் குனிந்து கேட்டார்.

"அம்மா, மத்த நாலு பேரும் எந்திரிச்சு ஓடிட்டாங்க. இது நெஜம்னு ஒங்களுக்குத் தெரியலயா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆளே பாதியாகிவிட்டாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது, வார்த்தையை உதட்டில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"தெரிஞ்சிது சார். மொத மூச்சுலயே தெரிஞ்சிது."

"பின்ன ஏன் எந்திரிக்கல?"

"அவளுவ ஓடுதாளுவ, எல்லாரும் சிரிக்காக. நானும் எந்திரிச்சா டிரில் கெட்டுப் போயிரும்லா. அன்னைக்குத்தான் மேடத்துக்கு ஆர்டர்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கொஞ்ச நேரம்தானன்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். பெறவு எந்திரிக்க ஏலல."

ஆய்வாளர் பேனாவை வைத்துக்கொண்டு என் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?"

அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கினேன். இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டேன். "அந்தம்மா சொன்னதயே எழுதிக்கிடுங்க சார். இது விபத்துதான். வால்வு தேஞ்சிருந்தது எனக்குத் தெரியும். தெறக்கலாம்னு ஒத்துக்கிட்டது நான். ஆபரேட்டர் வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் தெறக்க வச்சேன்," என்றேன். ஜி.எம். பெயரையும் சொன்னேன். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் சொன்னேன்.

அவர் எழுதத் தொடங்கினார். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததே இல்லை.

"என்னத்துக்கு மேடம் சொன்னீங்க? ஒங்க வேல போயிருமே." கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது. "அப்பம் நான் கெடந்தது வீணாத்தான?"

ஆய்வாளர் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.